பல்லக்கா வண்டி எடுத்தாள்

தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். பட்டணத்தில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, நிறம் பார்த்துப் பல் பதித்து, இன்னொருவர் வாய்க்குள் போய் உட்காரப்போகிற சாமானைப் பழுதில்லாமல் செய்து அனுப்புவது அவள் பொறுப்பு. ஆளைப் பார்த்தால் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, "மேல் வரிசையில ரெண்டாவது உங்க சொந்தப் பல்லு இல்லையே?" என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்த மனிதர் அவளைக் கண்டால் உதட்டை மூடிக்கொண்டுதான் புன்னகை செய்வார்.

பெயர் வைத்தது எதிர்வீட்டுச் சிறுமி. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் பல்லக்காவின் கணவர். தினமும் காலையில் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "பல்லக்கா, பல்லக்குல ஏறலாமா?" என்பார். ஒரே வேடிக்கையை வருஷக்கணக்காகச் சொல்வதற்குத் தனி தைரியம் வேண்டும். அவருக்கு அது இருந்தது.

அவர் பால் டேங்கர் லாரி ஓட்டியவர். ராத்திரியெல்லாம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு, விடிகிற நேரத்துக்குப் பாலை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, அவளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்துதான் படுப்பார். சாயங்காலம் எழுந்து போய்க் கூட்டிவருவார். முதலில் ஸ்கூட்டரில். பிறகு ஒரு பழைய கார் வாங்கினார்கள். வெயிலோ மழையோ, இந்த ஏற்பாடு மாறியதில்லை. அவளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. வீட்டில் லாரியே ஓட்டுகிற ஆள் இருக்கும்போது தனக்கெதற்கு என்று இருந்துவிட்டாள்.

ஸ்டேஷன், பட்டணத்துக்குப் போகும் புறநகர்த் தடத்தில் கடைசிக்கு முந்தியது. அதன் பக்கத்தில் யாரும் குடியிருக்கவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வாசல். ஆகவே ஆட்கள் வீட்டிலிருந்து வண்டியில் வந்து, மைதானம் மாதிரி விரிந்து கிடக்கும் நிறுத்துமிடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ரயிலேறுவார்கள். வண்டிகள் நாள் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். வண்டி இல்லாதவர்களுக்குச் சின்ன பஸ்கள் உண்டு. ஸ்டேஷன் முகப்பில் ஒரு வளைவு. ஆளை இறக்கிவிட்டு அப்படியே திரும்பிப் போகிறவர்களுக்கானது. பல்லக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வளைவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வண்டிக் கடலை அவள் ரயில் ஜன்னலிலிருந்து பார்த்ததோடு சரி.

ஒரு காலையில் அந்த வளைவில் கார் ஓர் இரும்புக் கம்பத்தில் போய் முட்டியது.

"கம்பம் இங்க எப்போ வந்துது?" என்றார் அவர், இறங்கிப் பார்த்து.

"ராத்திரியோட ராத்திரியா நட்டுட்டுப் போயிட்டாங்க போல" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அப்போது அவர் லாரியை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இடுப்பு வலி என்றுதான் விட்டார். இடுப்பு மட்டும்தானா என்று பல்லக்காவுக்கு இப்போது சந்தேகம் வந்தது. வீட்டில் கவனித்துப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையில் ஓரமாக இருந்த தம்ளரை அவர் முழங்கை தட்டிவிட்டது. வாசலில் படுத்திருந்த பூனையை மிதித்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், "எப்ப வந்தே?" என்று திடுக்கிட்டார். ஆனால் பேப்பரைப் பொடி எழுத்து விடாமல் படித்தார். அதனால் கண்ணில் கோளாறு என்று அவளால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை.

அடித்துச் சொல்லும்படி ஒரு சாயங்காலம் வந்தது. ஸ்டேஷனிலிருந்து வெளியே திரும்பும் இடத்தில், பக்கவாட்டில் வந்த சைக்கிள்காரரை அவர் பார்க்கவே இல்லை. பல்லக்கா கத்தியதும் பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் தடுமாறிக் காலை ஊன்றி நின்று, திட்டித் தீர்த்துவிட்டுப் போனார். நிறுத்துமிடத்துக்குச் சீட்டுக் கொடுக்கும் பெண் தன் கூண்டிலிருந்து ஓடிவந்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. ஐயா இந்த வாரம் மட்டும் இப்படி ரெண்டாவது வாட்டி. நீங்க ரயில்ல வர்றதுக்கு முன்னாடி ஒருநாள் என் கூண்டையே இடிக்கப் பார்த்தாரு."

அவர் வீடுவரை நடை வேகத்தில் ஓட்டிவந்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம்" என்றார்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். நேராகப் பார்த்தால் தெரியும். குழாய் வழியாகப் பார்ப்பது போல. போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். "வண்டியை மட்டும் தொடாதீங்க" என்றார். அவர் தலையை ஆட்டினார். வெளியே வந்து, "டாக்டருக்கு என்ன தெரியும், அவரு சைக்கிள்கூட ஓட்டியிருக்க மாட்டாரு" என்றார். ஆனால் அன்றிலிருந்து காரை எடுக்கவில்லை. காலையில் அதன் உள்ளே போய் உட்கார்ந்து என்ஜினைப் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார். கேட்டால், பேட்டரி செத்துவிடும் என்பார்.

பல்லக்கா சின்ன பஸ்ஸுக்கு மாறினாள். அங்கேதான் தலைவலி ஆரம்பித்தது. அவள் பிடிக்கவேண்டியது ஏழே கால் ரயில். தெருமுனைக்கு வரும் முதல் பஸ் சரியாக அந்த ரயில் கிளம்புகிற சமயத்துக்கு ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கும். பஸ்ஸிலிருந்து குதித்து, படியேறி, பாலம் தாண்டி இறங்கினால், ரயில் தன் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு போகும். அடுத்ததற்கு அரை மணி நேரம் நிற்கவேண்டும். பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் இதே கதி. வாரம் ஒருவர் படியில் விழுந்தார்.

"பஸ்ஸும் ரயிலும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திங்க மாதிரி இருக்குங்க. ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போயிடறாங்க" என்று வீட்டில் புலம்பினாள்.

லேபில் காலை வேலைதான் முக்கியம். மதியத்துக்குள் டாக்டர்களுக்குச் சாமான் போயாகவேண்டும். இத்தனை வருஷம் அவளுக்கு முன்னால் யாரும் வந்து விளக்குப் போட்டதில்லை. இப்போது அவள் உள்ளே நுழையும்போது மெழுகு உருகும் வாசனை வரும். முதலாளி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், போய்விடுவார். வாய்விட்டுத் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கட்டுமா?" என்று ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வித்துடலாம்" என்றார்.

"எதை?"

"காரை."

அதற்குமேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மனுஷனுக்கு எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ரயில் அதற்காக நிற்காது. லேபுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. சாப்பாட்டு வேளையில் போய்ச் சேர்ந்துகொண்டாள். வீட்டில் மூச்சுவிடவில்லை. கற்றுக்கொள்ள முடியாமல் போனால் அவர் முன்னால் தோற்றது மாதிரி ஆகிவிடுமே என்ற பயம்தான்.

கற்றுக்கொடுத்தவள் அவள் மகள் வயசுப் பெண். எந்நேரமும் வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பாள். கார் நடுரோட்டில் அணைந்துபோய், பின்னால் இருக்கிறவர்கள் ஹாரனில் கையை வைத்து அழுத்தினாலும் அவள் வாய் நிற்காது.

"அக்கா, கிளட்சை அப்படிப் படக்குனு விடாதீங்க. தூங்கற குழந்தை தலைக்குக் கீழே இருந்து கையை எடுப்பீங்கல்ல, அந்த மாதிரி."

மகள் கைக்குழந்தையாக இருந்ததை நினைத்துக்கொண்டு கிளட்சை விட்டாள். கார் குலுங்காமல் நகர்ந்தது.

"ஆங், அதான்! இப்ப ரோட்டைப் பாருங்க. எதிர்ல வர்றவன் பல்லைப் பார்க்காதீங்க."

காதும் காதும் வைத்த மாதிரி நடந்த இந்த விஷயத்தை அவளே உளறிக் கொட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டே, என்னமோ யோசனையில், "ஏங்க, மேட்டுல நிறுத்திட்டுத் திரும்ப எடுக்கும்போது வண்டி பின்னாடி போயிடாதா?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் ரேடியோவை அணைத்தார். அவளை நேராகப் பார்த்தார். அவளுக்குத் துணி மடிக்கும் கை நின்றுபோனது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் பேச்சே இல்லை. காபி கேட்பதற்குக்கூடத் தம்ளரை மேஜையில் தட்டினார். மூன்றாம் நாள் காலை அவள் செருப்பு மாட்டும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கைப்பிரேக்கைப் போட்டு வச்சுக்கணும். கிளட்சை மெல்ல விட்டு, வண்டி லேசா அதிர ஆரம்பிச்சதும் கைப்பிரேக்கை விடணும். பின்னாடி போகாது. இதைக்கூடச் சொல்லித்தராம அங்க என்னத்தைக் கிழிக்கிறாங்க?"

"கடலைதாங்க உரிக்கிறாங்க" என்றாள் அவள். மனசிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

முதல் தேர்வில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே பின்னால் எடுத்து நுழைக்கச் சொன்னபோது கோட்டைவிட்டாள். இரண்டாவதில் தேறினாள். மகள் வெளியூரிலிருந்து போன் செய்து, "அம்மா, நிஜமாவா?" என்று நாலு தடவை கேட்டாள்.

பல்லக்கா முதல் தடவை ஸ்டேஷனுக்குக் காரை எடுத்த அன்றைக்கு, அவர் குளித்து, சட்டை மாற்றி, முன்சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்க?"

"நான் வராம? பழைய வண்டி. அதுக்குன்னு சில குணம் இருக்கு. உனக்குத் தெரியாது."

"சரி, திரும்பி எப்படி வருவீங்க?"

"பஸ் இருக்கில்ல."

இப்படித்தான் அந்தப் புது ஏற்பாடு வந்தது. காலையில் அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் இருப்பார். அவள் ரயிலேறியதும் அவர் சின்ன பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார். சாயங்காலம் பஸ்ஸில் மறுபடி ஸ்டேஷனுக்கு வந்து, அவளோடு காரில் திரும்புவார். சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. காருக்குள் என்ன நடந்தது என்பது வேறு விஷயம்.

அவர் காலுக்குக் கீழே பிரேக் இல்லை. ஆனாலும் மிதித்துக்கொண்டே வருவார். "கியரை மாத்து, கியரை மாத்து, அது அழுவுது பாரு" என்பார். "அந்த லாரிக்காரனை நம்பாதே" என்பார். பக்கத்தில் பைக் சத்தம் கேட்டால் போதும், ஆள் தெரியாததால் பயம் இரண்டு மடங்காகி, "ஓரமா! ஓரமா!" என்று கத்துவார். ஸ்டேஷன் வந்து சேரும்போது பல்லக்காவின் முதுகு நனைந்திருக்கும். சீட்டுக்காரப் பெண் அவள் முகத்தைப் பார்த்தே, "இன்னிக்கும் பாட்டா அக்கா?" என்று கேட்பாள்.

ஒரு திங்கட்கிழமை அது முற்றியது. ஸ்டேஷனுக்குத் திரும்பும் சாலையில் வண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர், "பிரேக்! பிரேக்!" என்று அலறினார். அவள் என்னமோ ஏதோ என்று அழுத்தி மிதித்தாள். பின்னால் வந்த வேன் கீச்சிட்டுக்கொண்டு, ஒரு கை அளவு இடைவெளியில் வந்து நின்றது. சாலையில் ஒன்றும் இல்லை. காற்றில் ஒரு காகிதப் பை உருண்டு போனது.

வேன்காரர் அவளைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவேண்டாம். அவள் காரை ஓரங்கட்டினாள்.

"இறங்குங்க."

"என்ன?"

"இறங்குங்கன்னேன். இன்னிக்கு நம்ம ரெண்டு பேரையும் கொன்னிருப்பீங்க. எனக்கு நீங்க ஓட்டக் கத்துத்தர வேணாம். வாயை மூடிக்கிட்டு வர முடியும்னா வாங்க, இல்லேன்னா இறங்கி நடங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கினார். அவள் கண்ணாடியில்கூடப் பார்க்காமல் ஓட்டிப் போய், நிறுத்தி, ரயிலேறிவிட்டாள்.

ரயில் இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும்தான், தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. பக்கத்தில் வருகிற பைக்கே தெரியாத மனுஷனைப் பைக்குகள் பறக்கிற சாலையில் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய செல்போனும் வீட்டு அலமாரிமேல்தான் கிடக்கும். சட்டைப்பையில் போடச் சொன்னால் கேட்கமாட்டார். எதிர்வீட்டில் கேட்டாள். பார்க்கவில்லை என்றார்கள். லேபில் ஒரு கிழவருக்கான முன்பல்லை எடுத்து, பழுப்பு வைக்கவேண்டிய இடத்தில் பளிச்சென்று வெள்ளையைப் பதித்துவிட்டாள். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, "பல்லக்கா, இதைப் போட்டா அவரு இருட்டுல டார்ச் இல்லாமலே நடப்பாரு" என்றார். அதற்குமேல் அவளால் உட்கார முடியவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்தாள்.

ஸ்டேஷனில் இறங்கிச் சீட்டுக் கூண்டுக்கு ஓடினாள்.

"இவரைப் பார்த்தியாம்மா?"

"ஐயாவா? அதோ பஸ் நிக்கற இடத்துல. வந்து ரொம்ப நேரம் ஆச்சு. டிரைவருங்களை நிக்கவச்சுக் கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காரு. நாங்களும் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்துட்டோம், அடங்கறதா இல்லை."

அவர் சட்டையெல்லாம் தூசியாக, பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. காலையில் நடந்த சண்டை அவர் நினைவிலேயே இல்லாத மாதிரி இருந்தது.

"வந்துட்டியா? இங்க வா, உக்காரு. ஒரு விஷயம் கேளு. தப்பான பஸ்ல ஏறிட்டேன். நம்பரைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அதுங்க நகர்ந்துடுது, சரி எதுவா இருந்தா என்னன்னு ஏறிட்டேன். அது கால்வாய் ஓரமா சுத்திக்கிட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு இல்ல போகுது! அங்க பார்க்கணும் நீ. ரயில் போறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே பஸ் வந்துடுது. சாயங்காலம் ரயில் வந்தப்புறம்தான் பஸ் கிளம்புமாம். ஒருத்தர் ஓடலை, ஒருத்தர் விழலை. அங்க முடியுது, இங்க ஏன் முடியலை?"

பல்லக்கா டிபன் பையால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். அவள் அவரை அடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

திரும்பும்போது காரில் அவர், "காலையில ரோட்டுல கிடந்தது... அது காகிதப் பைதானே?" என்றார்.

"காகிதப் பைதான்."

"எனக்குக் குழந்தை மாதிரி தெரிஞ்சுது."

அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். அன்றிலிருந்து அவர் காரில் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருவார். கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை.

கத்துவதற்கு அவருக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. முதலில் சின்ன பஸ் டிரைவரைப் பிடித்தார். "எனக்கென்ன அண்ணே, எழுதிக் கொடுத்ததை ஓட்டறேன்" என்றார் அவர். ஸ்டேஷன் அதிகாரியிடம் போனார். "ரயில் நேரத்தை நாங்க மாத்தி வருஷக்கணக்காச்சு. பஸ்ஸுக்காரங்கதான் பார்த்து மாத்திக்கணும்" என்றார் அவர். பஸ் டிப்போவுக்குப் போனார். அங்கே நேரம் போடும் அதிகாரி, "ரயில்வேகாரங்க எங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"சார், உங்க ஆபீஸ் ஜன்னலைத் திறந்தா ரயில் தெரியுது. யாரு வந்து சொல்லணும்?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

லாரி ஓட்டியவருக்குக் காத்திருப்பது புதிதல்ல. பால் இறக்குவதற்கு வரிசையில் மணிக்கணக்காக நின்றவர். வாரத்தில் இரண்டு நாள் டிப்போவில் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அதிகாரி வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்துக்கு பயந்தே அதிகாரி பின்வாசல் வழியாகச் சாப்பிடப் போக ஆரம்பித்தார்.

இதையெல்லாம் ராத்திரியில் பல்லக்காவிடம் நடித்துக் காட்டுவார். "அந்த ஆளு பேசினா 'டக்கு டக்கு'ன்னு ஒரு சத்தம் வேற. கையை வச்சு வாயை மறைச்சுக்கிட்டே பேசறாரு."

"மேல் செட்டு லூஸ்" என்றாள் அவள் உடனே. "ஈறு சுருங்கியிருக்கும். புதுசு பண்ண வேண்டாம், உள்பக்கம் மட்டும் டாக்டர்கிட்ட சரி பண்ணிக்கிட்டாப் போதும்."

"சொல்லட்டுமா?"

"ஐயையோ, சொல்லிடாதீங்க. மானம் போயிடும்."

அவர் அடுத்த தடவை போனபோது சொல்லிவிட்டார். பெஞ்சில் இருந்த அத்தனை பேர் முன்னாலும். அதிகாரிக்குக் காது மடல் சிவந்துபோனது. "வெளிய போங்க" என்று விரட்டிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர், "நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு டிப்போ பக்கம் போவதையே விட்டார்.

மழைக்காலம் வந்து போனது. ஒரு மாதப் பிறப்பில் நிழற்குடையில் புது அட்டவணை ஒட்டினார்கள். முதல் பஸ் முன்பைவிடக் கால்மணி முன்னதாக. சாயங்கால பஸ் ரயில் வந்த பிறகு. பாலத்தில் ஆட்கள் ஓடுவது நின்றது. படியில் ஏறும்போது அக்கம்பக்கம் பேசிக்கொண்டு ஏறினார்கள். மாற்றியது பெஞ்சில் உட்கார்ந்ததாலா, பல் விஷயத்தாலா, அல்லது அதிகாரியே ஜன்னலைத் திறந்து பார்த்தாரா என்பது யாருக்கும் தெரியாது. சின்ன பஸ் டிரைவர் மட்டும், "எல்லாம் அண்ணன் வேலைதான்" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். அதைக் கேட்டு பல்லக்காவின் கணவர் உச்சி குளிர்ந்துபோய், பஸ்ஸில் கதவுக்குப் பக்கத்து சீட் தன்னுடையதுதான் என்பது போல உட்கார ஆரம்பித்தார்.

அந்த வாரமே பல்லக்காவிடம் சொன்னார்.

"இனிமே நீ பஸ்லயே போயிடலாமே. ஏழே கால் ரயில் கிடைக்குதே. காரை எதுக்கு நாள் முழுக்க வெயில்ல போடணும்?"

நியாயமான பேச்சுதான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"இல்லைங்க. நான் ஓட்டிக்கிட்டே போறேன்."

"ஏன்?"

அவளுக்கே அதைச் சொல்ல வார்த்தை தேடவேண்டியிருந்தது. "வீட்டுல இருந்தா வீட்டு வேலை. லேபுக்குப் போனா அடுத்தவங்க வாய். ரயில்ல நசுங்கறேன். வீட்டுல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கே எனக்குன்னு இருக்கு. இத்தனை வருஷமும் யாராவது கொண்டுவிட்டு, யாராவது கூட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க, நான் இல்லேங்கலை. ஆனா இப்ப எனக்கு இது பிடிச்சிருக்கு."

"எனக்கே எனக்குன்னா... அப்ப நான் கூட வர்றது?"

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள். அவர் முகம் வாடித்தான் இருந்தது. பிறகு, "காலையில நீ தனியா போய்க்கோ. சாயங்காலம் மட்டும் நான் பஸ்ல வந்துடறேன். இருட்டுல வர்றப்ப ஒரு ஆள் கூட இருந்தா நல்லதுதானே" என்றார்.

"நல்லதுதான்" என்றாள் அவள்.

அப்படியே நடந்தது; இன்றும் நடக்கிறது. அவர் பார்வை இன்னும் கொஞ்சம் குறுகிவிட்டது. கையில் கோல் வந்துவிட்டது. சாயங்கால பஸ் அவர் முன்னால் கதவு சரியாக இருக்கும்படி வந்து நிற்கும். ஸ்டேஷனில் இறங்கிச் சீட்டுக் கூண்டுக்குப் போய், பல்லக்காவின் ரயில் வரும்வரை அந்தப் பெண்ணோடு ஊர் நியாயம் பேசுவார். நிறுத்துமிடத்துக்கு இப்போது மாடி கட்டிவிட்டார்கள். அவள் மேல் தளத்தில்தான் நிறுத்துவாள். அந்தச் சுற்றுச் சரிவில் இறங்குவது அவளுக்குப் பிடிக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

போன மாதம் ஒருநாள் தண்டவாளத்தில் ஏதோ கோளாறு. ரயில் தாமதமாக வந்தது. அவர் கூண்டருகே நின்று களைத்துப்போயிருந்தார். காரில் ஏறியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சரிவில் இறங்கி, வெளிவாசல் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தபோது அவள் லேபில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "உம்" கொட்டுகிற சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இல்லாத பிரேக்கை மிதிக்கும் கால் அசையாமல் கிடந்தது.

அவள் கதையை நிறுத்திவிட்டு ஓட்டினாள். வீட்டு வாசலில் நிறுத்தி, பையை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் தண்ணீர் வைத்து, அது கொதித்த பிறகுதான் வாசலில் கார்க் கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

"வீடு வந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? தெருவுல போறவங்கல்லாம் பார்த்துட்டுப் போறாங்க!"

"வாசல்ல பிரேக் போட்டேனே, உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலையே" என்றார் அவர். சொல்லிவிட்டு வாசற்படியில் நின்று தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். அப்புறம் கோலை மூலையில் சாத்திவிட்டு, காபி ஆகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.